இரண்டு பேருக்கான வெயில்

மார்ச் மாதத்தில் எங்கள் ஊருக்கு வெயிலை விற்க ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலத்தில் மார்ச் என்றால் வெயில் பேருக்குக்கூட இருக்காது. பனி பாதி உருகி, ரோடெல்லாம் சேறாகி, ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற காலம். அந்த நேரம் பார்த்து வந்து, ஊருக்கு வெளியே இருக்கிற பழைய உருளைக்கிழங்கு வயலில் சோலார் தகடுகள் பரப்பியிருக்கிறோம், அதில் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். நம் கூரையில் ஒன்றும் மாட்ட வேண்டாம். வயலில் நம் பங்குக்கு எவ்வளவு கரண்ட் விளைகிறதோ அது நம் கரண்ட் பில்லில் கழியும். கழிந்ததற்குக் கொஞ்சம் குறைவாக சோலார் கம்பெனிக்குக் கட்டினால் போதும். அந்தக் கொஞ்சம்தான் நமக்கு லாபம்.

எங்கள் ஊரில் கரண்ட் கம்பெனியைத் திட்டாமல் யாரும் காபி குடிப்பதில்லை. ஒவ்வொரு புயலுக்கும் எங்களை இருட்டில் உட்கார வைத்துவிட்டு, பில்லை மட்டும் தவறாமல் அனுப்புகிறவர்கள். அவர்கள் வயிறு எரியும் என்றால் நாங்கள் எதில் வேண்டுமானாலும் சேருவோம்.

ஆனால் லியோனல் அப்படிச் சேருகிற ஆள் இல்லை. என் கணவன் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவன். எதையும் அடியில் படுத்து நிமிர்ந்து பார்த்தால்தான் நம்புவான். அப்போது அவனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. படுக்கையறையில் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடும். அதிலிருந்து ஒரு நீளமான குழாய் அவன் மூக்கு வரைக்கும் வரும், வீடெல்லாம் அவன் பின்னாலேயே இழுபடும். நான் அதில் தடுக்கி விழாத நாள் குறைவு. எங்கள் கரண்ட் பில்லில் பாதி அந்த மெஷின்தான். அவன் அறையில் ஓடிய ஹீட்டரையும் சேர்த்தால் பாதிக்கு மேல்.

முதலில் தபாலில் ஒன்று வந்தது. உறை மேல் சூரியன் பல்லைக் காட்டிச் சிரித்தது. தள்ளுபடி எல்லோரையும்விட அதிகம். லியோனல் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து, பின்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

"ஏன் பின்னாலேருந்து படிக்கிற?"

"முன்னால இருக்கறது நமக்குப் பிடிச்சது, இவெட். பின்னால இருக்கறது அவனுக்குப் பிடிச்சது."

பின்னால் இருந்தது இதுதான்: வருடா வருடம் விலை ஏறும், இருபது வருடம் விலக முடியாது, விலகினால் அபராதம்.

"இருபது வருஷமா? நம்ம கல்யாணத்துலகூட இப்படிக் கண்டிஷன் போடலையே," என்றேன்.

"போட்டிருந்தா நான் பின்பக்கத்தைப் படிச்சிருப்பேன்," என்றான். சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

இரண்டாவதாக ஒரு பையன் வாசலுக்கே வந்தான். கையில் பாரம் செருகிய அட்டை, காலில் சேறு ஏறாத புது ஷூ. "உங்க கரண்ட் பில்லைக் கொஞ்சம் காட்டுங்க சார், சும்மா பாத்துட்டுத் தரேன்" என்றான். லியோனல் குழாயை இழுத்துக்கொண்டு வாசல் வரை நடந்து போனான். அத்தனை தூரம் நடந்ததற்கே மூச்சு இரைத்தது.

"பில்லைக் காட்ட நீ என்ன எனக்குப் பொண்ணு கொடுத்தவனா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினான். பில்லில் இருக்கிற கணக்கு எண் கிடைத்தால் நம்மைக் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த தெரு விதவை ஒருத்தி அப்படித்தான் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு, வருடம் முழுக்கப் போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மாதா கோயில் ஹாலில். எங்கள் ஊரில் மாதம் ஒரு சனிக்கிழமை பயறு விருந்து நடக்கும். வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் போட்டு ராத்திரி முழுக்க அடுப்பில் வெந்த பயறு, சிவப்பு சாசேஜ், இனிப்பு ரொட்டி. ஆப்பிள் பை அடுக்கிய மேசைக்கும் காபி மேசைக்கும் நடுவில், சோலார் பேப்பர்களோடு கெல்சி என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பயறு விருந்துக்குப் போய் எதற்கும் கையெழுத்துப் போடாமல் திரும்பியவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. ஏதாவது ஒரு மனு, ஏதாவது ஒரு குலுக்கல் சீட்டு.

லியோனலைச் சக்கரம் வைத்த சின்ன சிலிண்டரோடு கூட்டிப் போயிருந்தேன். அவன் கெல்சியை ஒரு தட்டுப் பயறு ஆறிப்போகும் வரை கேள்வி கேட்டான். தள்ளுபடி எவ்வளவு? குறைவுதான். விலை ஏறுமா? ஏறாது. அபராதம்? இல்லை. அப்படியானால் விலகுவது எப்படி? நம் பங்கை எடுத்துக்கொள்ள வேறு ஒருவரைக் காட்டிவிட்டு விலகலாம். பங்கு அதிகமாகிவிட்டால்? வருடத்துக்கு ஒரு தடவை, வசந்தத்தில், போன பன்னிரண்டு மாதம் எவ்வளவு செலவழித்தோம் என்று பார்த்துச் சரிசெய்வார்கள். அதுவரை மிஞ்சுகிற கரண்ட் நம் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒரு வருடத்துக்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும்.

"இதுதான் இருக்கறதுலயே யோக்கியமான பேப்பர்," என்றான் லியோனல். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு பஸ் இன்ஜினைப் பற்றித்தான்.

லியோனல் தானே எடுத்துக் கொடுத்த பழைய பில்களைப் பார்த்துக் கெல்சி கணக்குப் போட்டாள். பெரிய பங்காக வந்தது. லியோனல் எட்டிப் பார்த்தான்.

"பாதி போடும்மா."

"பாதியா சார்? உங்க செலவு இவ்வளவு இருக்கே."

"பாதி போதும். இவளுக்குப் பாதியே போதும்."

எனக்குச் சுருக்கென்றது. கையில் பிடித்திருந்த முள்கரண்டியை மேசையில் போட்டேன். "ஏன், நீ எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றவன் பயறைத் தின்னுட்டு வாயை மூடிட்டு இரு. நீ முழுசாப் போடும்மா. வீட்ல ரெண்டு பேர் இருக்கோம்."

கெல்சி அவன் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் சாவைத் தவிர எல்லாவற்றையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். லியோனல் தன் பெயரில் கையெழுத்துப் போட்டான். எங்கள் கரண்ட் கணக்கு எப்போதும் அவன் பெயரில்தான் இருந்தது.

ஜூனில், லைலாக் பூக்கள் உதிர்ந்த வாரத்தில் அவன் போய்விட்டான். காலை வேளை. பக்கத்தில் நின்ற நர்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "இனி அதை அணைச்சிடலாம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான்தான் எழுந்துபோய் மெஷினை அணைத்தேன். அந்த மெஷினை அணைத்தால் நீளமாக ஒரு தடவை கத்தும். அது கத்தி முடிந்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோடையில் அடித்த வெயில் போல நான் பார்த்ததில்லை. வயலில் எங்கள் பங்கு விளைந்துகொண்டே இருந்தது. மாதம் பிறந்தால் இரண்டு பில் வந்தது. கரண்ட் பில்லில் கட்டவேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, கீழே மிச்சம் மிச்சம் என்று சேர்ந்துகொண்டே போனது. சோலார் பில்லோ இரண்டு பேருக்குமாக முழுசாக வந்தது. நான் செலவழிக்காத கரண்டுக்கெல்லாம் என் பென்ஷனிலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். வசந்தம் வரை ஒன்றும் செய்ய முடியாது.

பங்கை யார் தலையிலாவது கட்டலாம் என்று ஜூலை மாதப் பயறு விருந்தில் மேசை மேசையாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் அதே சனிக்கிழமை, அதே மேசையில் கையெழுத்துப் போட்டவர்கள். "உன்னோடதை எடுத்துக்கறதா? என்னோடதை நீ எடுத்துக்கறியா?" என்று சிரித்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு இளம் ஜோடி மட்டும் மிச்சம். அவர்கள் தங்கள் கூரை நிறையத் தகடு மாட்டி வைத்திருந்தார்கள்.

நாங்கள் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயவைத்து மறுபடி உபயோகிக்கிறவர்கள். துண்டு நூலையும் சுருட்டி டப்பாவில் போடுகிறவர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது, உடம்பு ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் கரண்டைச் செலவழிக்க ஆரம்பித்தேன். கொடியில் துணி காயப்போடுவதை நிறுத்தி டிரையரில் போட்டேன். ஒரு ஆள் தின்ன முடியாத அளவுக்குப் பயறு வேகவைத்தேன். நிலவறையில் ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டேன். குளிர் தொடங்கியதும் விறகடுப்பை மூடிவிட்டு, எல்லா அறையிலும் ஹீட்டரைப் போட்டேன்.

கொடி காலியாக இருப்பதை முதலில் கவனித்தவள் என் நாத்தனார் கோனி. லியோனலின் தங்கை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. எரிகிற விளக்கைப் பார்த்தால் கோனிக்குக் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குளியலறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். ஒரு தடவை பாவசங்கீர்த்தன அறையின் விளக்கை, பாதிரியார் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிட்டாள்.

"என்னடி இவெட், துணி தோய்க்கிறதையே விட்டுட்டியா, இல்ல எங்களுக்குத் தெரியாம மகாராணி ஆயிட்டியா?"

"காசு கட்டின கரண்ட் கோனி. வீணாப் போகுது."

"வீணாப் போகக்கூடாதுன்னு வீணாக்குறியாக்கும். நம்ம அண்ணன் இருந்திருந்தா உன்னைத் தூக்கி அந்த டிரையருக்குள்ளயே போட்டிருப்பான்."

"உன் அண்ணன்டி. எனக்கு இல்ல."

அக்டோபரில் எங்கள் ஏரிக்கரைக் குடிலைக் குளிர்காலத்துக்குப் பூட்டப் போனேன். குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தால், பழைய கம்பளிக்குள் ஒரு ஆக்சிஜன் மெஷின். நான் மறந்தே போயிருந்தேன். மீன் பிடிக்க வரும்போது இருக்கட்டும் என்று லியோனல் யாரிடமோ செகண்ட்ஹேண்டில் வாங்கியது. ஒரு கோடையில் நாலு நாள் ஓடியிருக்கும். வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு மழை நாள் மத்தியானம் அதைப் படுக்கையறையில் வைத்து, அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் சொருகினேன். கரண்ட் வீணாகாமல் ஒரு மணி நேரம் ஓடட்டும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷின் இரைந்தது. நடுநடுவே அதே மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக, கனவு எதுவும் வராமல் தூங்கினேன்.

நான் கிறுக்கி இல்லை. அவன் செத்துவிட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லறைக்குப் போய்வந்தவள் நான். ஆனால் அன்று சாயங்காலம் மெஷினை அணைக்கக் கையை வைத்தபோது, அது கத்தும் என்று நினைவு வந்தது. ஒரு தடவை நர்ஸ் சொல்லி அணைத்தாயிற்று. இரண்டாவது தடவை யார் சொல்லி அணைப்பது? கையை எடுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. பிறகு குளிர்காலம் பூராவும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குக் காவல்காரி ஆகிவிட்டேன். யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய்ப் படுக்கையறையைச் சாத்துவேன். கோனியோடு சீட்டாட்டத்தை அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்து ஆடும்போதும் காதெல்லாம் என் வீட்டில் இருக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிற என் அக்கா, கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். ரோடு வழுக்கும் என்றேன், முழங்கால் வலி என்றேன். மெஷினை ஓடவிட்டுப் போக பயம், அணைத்துவிட்டுப் போக முடியவில்லை. காலையில் எழுந்ததும் அந்த மெஷினைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். அவன்மேல் வரும், அந்தக் கெல்சி மேல் வரும், கடைசியில் என்மேல் வரும். வெளியே போகும் கதவு திறந்துதான் கிடந்தது, என் கால்தான் போகவில்லை.

மார்ச் மாதம் மறுபடி சேறோடு வந்தது. வருடாந்தரக் கணக்கைப் பார்க்க வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று கெல்சி தகவல் விட்டிருந்தாள். அன்று காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கோனியைக் கூப்பிட்டேன்.

"போன்ல அந்தப் பொண்ணு பேசுறது எனக்குப் புரியாது. நீ வந்து கூட உக்காரு."

வாழ்நாளில் எனக்குப் போனில் பேசியது புரியாமல் போனதே இல்லை. கோனி என் வீட்டுக்குள் வந்தால் ஓடுகிற எதையும் விட்டுவைக்க மாட்டாள். படுக்கையறைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அவள் போவாள், திட்டுவாள், அணைப்பாள். அது கத்தும். கத்தி முடித்ததும் இதையெல்லாம் விட்டு நான் வெளியே போவேன். அவளை விட்டால் இதைச் செய்ய எனக்கு வேறு ஆள் இல்லை.

கோனி வந்தாள். வந்ததும் குளியலறை விளக்கு போயிற்று. நடைவழி விளக்கு போயிற்று. கோட்டைக் கழற்றுமுன் போன் அடித்துவிட்டது. நான் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"குட் மார்னிங் மேடம். லியோனல் சார் நல்லா இருக்காங்களா?"

அவன் போனதை நான் இரண்டு கம்பெனிக்கும் சொல்லவில்லை. கரண்ட் கணக்கு இன்னும் அவன் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது.

கெல்சி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "உங்க கணக்கைப் பாத்தேன் மேடம், ரொம்ப சந்தோஷம். நிறைய பேருக்குப் பங்கு கூடிப்போகும், இல்ல குறைஞ்சுபோகும். உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. போன வருஷம் எவ்வளவு செலவழிச்சீங்களோ, இந்த வருஷமும் அதேதான். மிச்சம் சேந்ததைக்கூட வீணாக்காம எடுத்திருக்கீங்க. மாத்தவேண்டியது எதுவுமே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீணாகக் கூடாது என்று ஓட்டிய டிரையர், ஹீட்டர், அந்த மெஷின் எல்லாம் சேர்ந்து, இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டியிருந்தன. என் சிக்கனத்தால் நானே இன்னொரு வருடத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"குறைக்கணும்," என்றேன். "குறைக்க முடியாதா?"

"செலவு இவ்வளவு இருக்கும்போது எங்களால குறைக்க முடியாது மேடம். வீட்ல ஏதாவது மாற்றம் இருந்தா சொல்லுங்க, இப்ப குறைச்சிடலாம். யாராவது வேற இடம் போயிட்டாங்க, இல்ல..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இப்ப வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

கோனி என்னைப் பார்த்தாள். சொல்லேன் என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு காதைத் தீட்டினாள்.

"என்னடி சத்தம் அது? எதை ஓட விட்டிருக்க?"

"அந்த ரூம்ல ஏதோ ஓடுது. போய் நிறுத்து," என்றேன்.

கோனி முணுமுணுத்துக்கொண்டே போனாள். "பட்டப்பகல்ல, ஆளில்லாத ரூம்ல..." என்றது காதில் விழுந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது கத்துவதற்காகக் காத்திருந்தேன். கத்தினால் 'ஒரு ஆள்தான்' என்று சொல்லிவிடலாம். சொல்ல வேண்டிய சொற்களை நாக்கில் வைத்திருந்தேன்.

அது கத்தவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"ஒரு நிமிஷம் இரும்மா."

நான் எழுந்து போனேன். கோனி அவள் அண்ணனின் நாற்காலியில், கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மெஷினின் மேல் இருந்தது. ஸ்விட்சுக்கு ரொம்பப் பக்கத்தில்தான். மெஷின் இரைந்து பெருமூச்சு விட்டது. அவள் முகத்தை அப்படி நான் அடக்கத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அன்று அவள் மண்டபத்து விளக்குகளை அணைத்துக்கொண்டு திரிந்தாள், அழவில்லை.

"அணைச்சிடு கோனி," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். "உனக்குக் கோடிப் புண்ணியம்."

அவள் கையை எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இவ்வளவு நாளா இது இங்க இருந்துச்சா? என்னை ஏன் உள்ள விடல நீ?"

"கோனி, அந்தப் பொண்ணு காத்துட்டிருக்கா."

"இருக்கட்டும் இவெட். நானும் பாதி கட்டுறேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்."

நான் வெளியே போகும் கதவாகத்தான் அவளைக் கூப்பிட்டேன், அவளோ உள்ளே வந்து என்னோடு சேர்த்துத் தன்னையும் சாத்திக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் தலையை வைத்துப் படுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சமையலறைக்குத் திரும்பி நடந்தேன். பழக்கத்தில், தரையில் இல்லாத குழாயைத் தாண்டிக் காலை வைத்தேன்.

"சொல்லுங்க மேடம். எத்தனை பேர்?"

"ரெண்டு," என்றேன்.

"அப்ப எல்லாம் சரியா இருக்கு. சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க," என்றாள் கெல்சி. சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.